நம்பர் அட்டை

வேலப்பன் மாஸ்டரிடம் துணைப் பயிற்சியாளராக இருந்தவர் பொன்னரசு. சம்பளத்துக்கு ஆடும் வாலிபால் அணி. தோற்றால் யார் தலையாவது உருண்டே ஆக வேண்டும்.

இந்தத் தடவை செட்டர் இசக்கித்துரையின் தலை. மற்றவர் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் செட்டர். அவன் கை பிசகினால் கூட நிற்கும் ஐந்து பேரும் பொம்மைதான். வந்த புதிதில், இவனைப் போல் கை தமிழ்நாட்டிலேயே இல்லை என்றார்கள். மூன்று சீசன் போயிற்று. இப்போது பெயரைச் சொன்னாலே முதலாளி முகத்தைச் சுளிக்கிறார். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பொன்னரசு கேட்டார்: "ஒருத்தன் தேற மாட்டான்னு எதை வச்சு மாஸ்டர் முடிவு பண்றது?"

"நீ எதை வச்சுப் பண்ணினே?"

"கை நடுங்குது. முக்கியமான பாயிண்ட்ல சொதப்புறான்."

"சொதப்பினா நீ என்ன பண்ணுவே?"

"மாத்து செட்டர் கையில, அவனை வெளியே கூப்பிடுற நம்பர் அட்டையைக் குடுத்துக் கோட்டோரம் நிறுத்துவேன். பயம் இருக்கட்டுமேன்னு."

"ரொம்ப நல்ல வைத்தியம்." மாஸ்டர் எழுந்தார். "வெளியே போய் ஜன்னல் வழியாப் பாரு. தலையைக் காட்டித் தொலைக்காதே."

உள்ளே ஆடுகளத்தில் இசக்கித்துரை மட்டும். மாற்று ஆட்டக்காரர் உட்காரும் பெஞ்ச் காலி. மாஸ்டர் பந்தை எறிந்தார். விரல் நுனியில் வாங்கி வலையோரம் தூக்கினான். பூப்போல எழும்பியது. அதே கைதான். பொன்னரசு அசந்துபோனார்.

ஆனால் பந்து இறங்குமுன் அவன் கழுத்து பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த பந்துக்கும் அப்படியே.

பிறகு ஒன்று பிசகி வலையில் விழுந்தது. பெரிய பிசகு இல்லை.

இசக்கித்துரை தானாகவே நடந்து கோட்டுக்கு வெளியே போய் நின்றான். தலை கவிழ்ந்திருந்தது.

மாஸ்டர் அவனைக் குளிக்க அனுப்பிவிட்டுப் பொன்னரசுவைக் கூப்பிட்டார்.

"கை நடுங்கிச்சா?"

"இல்ல மாஸ்டர்."

"அவனை யாரு வெளியே கூப்பிட்டா?"

"இனிமே அட்டையைத் தொடல மாஸ்டர். இன்னொரு சீசன் குடுத்துப் பார்ப்போம்."

"ஆளே இல்லாத இடத்துல வெளியே போறான். இனிமே நீ தொட்டா என்ன, தொடாட்டி என்ன? அனுப்பிடலாம்னு முதலாளிகிட்டச் சொல்லு."

"தப்பு நம்மளோடது. அவன் ஏன் மாஸ்டர் போகணும்?"

மாஸ்டர் பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்.

"நீயும் நானும் போகப்போறதில்லையே. அதான்."