இருவாச்சியின் பொந்தில் குடிவந்த தேனீக்கள்

காட்டில் ஓடையை ஒட்டி ஒரு பெரிய மரம் நின்றது. அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பொந்து. அலகன் என்ற இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி சாம்பியும் ஆண்டுதோறும் அந்தப் பொந்தில்தான் குஞ்சு பொரிப்பார்கள்.

முட்டையிடும் நேரம் வந்தால் சாம்பி உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். கீற்றுப் போன்ற சிறு துளை மட்டும் விட்டுவிட்டு, பொந்தின் வாயை மண்ணால் பூசி அடைப்பார்கள். குஞ்சுகள் வளரும்வரை அலகன் அந்தத் துளை வழியாகப் பழம் ஊட்டுவான்.

அந்த ஆண்டு அவர்கள் வந்தபோது பொந்துக்குள்ளிருந்து ரீங்காரம் கேட்டது.

"யாரது என் வீட்டில்?" என்று கத்தினான் அலகன்.

"மன்னித்துவிடுங்கள் அண்ணா!" என்று உள்ளிருந்து ராணித் தேனீ பதில் சொன்னாள். "பொந்து காலியாகக் கிடந்தது. யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று குடிவந்துவிட்டோம்."

"இப்போது தெரிந்துவிட்டதல்லவா? கிளம்பு!"

"கிளம்பிவிடுவோம். ஆனால் அடைகளில் எங்கள் குழந்தைகள் புழுக்களாக இருக்கிறார்கள். இன்னும் இறக்கை முளைக்கவில்லை. அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவோம்?"

பக்கத்து மரத்தில் வாலன் என்ற மலையணில் இருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்தான்.

"சண்டை வேண்டாம்! அக்கரையில் மருதமரத்தில் ஒரு நல்ல பொந்து இருக்கிறது. அடைகளைப் பல்லால் மெதுவாக வெட்டி எடுத்துப்போய், அங்கே நாரால் கட்டித் தொங்கவிடுகிறேன். குழந்தைகளோடு தேனீக்களும் வந்துவிடும். எனக்கு மூன்று நாள் கொடுங்கள்."

"ஆறு அடை இருக்கிறது. கடைசிக் குழந்தை போன பிறகுதான் நான் வருவேன்" என்றாள் ராணி.

"எனக்கு முட்டையிட இன்னும் ஐந்தாறு நாள் ஆகும். நடக்கட்டும்" என்றாள் சாம்பி. அலகன் முறைத்தான். ஆனால் மறுக்கவில்லை.

முதல் நாள் இரண்டு அடைகள் அக்கரை சேர்ந்தன. வளர்ந்த புழுக்கள் இருந்த அடைகள் அவை. வாலன் மூக்கில் ஒரு கொட்டு வாங்கினான், அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

"புழுக்கள் நனைந்தால் செத்துவிடும். மழை விடட்டும், மறுபடி தொடங்குகிறேன்" என்றான் வாலன்.

மழை விடவில்லை. அதற்கடுத்த நாளும் பெய்தது. சாம்பி ஒரு கிளையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழம் கொடுத்தாலும் வேண்டாம் என்றாள். அலகனுக்குப் பயம் வந்துவிட்டது.

"முட்டை முன்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வாய்?"

"இன்னும் இரண்டு நாள் தாங்குவேன். கொஞ்சம் பொறுங்கள்!" என்றாள் சாம்பி.

அலகன் பழம் தேடப் போவதாகச் சொல்லிவிட்டு, நேராகத் தேன் பிரியனான ஒரு கரடியிடம் போனான்.

கரடி கேட்டுவிட்டுச் சிரித்தது. "இதற்கு மூன்று நாளா? எனக்கு ஒரு நொடி போதும்!"

"பொந்துக்கு ஒன்றும் ஆகாதே?"

"தேனீக்கள் போக வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்!"

அலகன் தலையைக் குனிந்துகொண்டான். கரடி அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை வெயில் அடித்தது. வாலன் மூன்றாவது அடையைக் கவ்விக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தான். அப்போது கரடி மரத்தில் ஏறியது.

"ராணி, ஓடிவிடு!" என்று அலறினாள் சாம்பி.

ராணி ஓடவில்லை. மிச்சமிருந்த குழந்தைகள்மேல் அப்படியே அமர்ந்துகொண்டாள். கரடியின் கை பொந்துக்குள் நுழையவில்லை. அது மரத்தையே பிளந்தது. தேனும் புழுக்களும் ராணியும் ஒன்றாக அதன் வாய்க்குள் போயின.

"சொன்னபடி முடித்துவிட்டேன். பார், உள்ளே ஒரு தேனீகூட இல்லை!" என்று அலகனிடம் சொல்லிவிட்டு, கையை நக்கிக்கொண்டே கரடி இறங்கிப் போனது.

அக்கரைத் தேனீக்கள் வாலனிடம், "அம்மா எப்போது வருவாள்?" என்று கேட்டன. கொண்டுபோன மூன்று அடைகளிலும் வளர்ந்த புழுக்களே இருந்ததால், புதிய ராணியை வளர்க்க அங்கே இளம் புழு ஒன்றும் இல்லை. நாளுக்கு நாள் தேனீக்கள் குறைந்தன. ஒருநாள் மருதமரம் அமைதியாகிவிட்டது.

இக்கரையில் கரடி போன அன்றிலிருந்தே அலகன் மண் சுமந்துகொண்டிருந்தான். எவ்வளவு பூசியும் அந்தப் பிளந்த வாய் அடைபடவில்லை. பூசிய மண் தன் கனத்திலேயே பெயர்ந்து விழுந்தது. வேறு பொந்து தேட நேரமில்லை. திறந்துகிடந்த அந்தப் பொந்திலேயே சாம்பி இரண்டு முட்டை இட்டாள்.

மரநாய் ஒன்று கீழ்க்கிளையில் காத்திருந்தது. சாம்பி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இரண்டையும் தின்றுவிட்டது.

"உனக்காகத்தானே அவசரப்பட்டேன்!" என்று அழுதான் அலகன்.

"நான் பொறுக்கச் சொன்னேன். ராணியும் அதைத்தான் கேட்டாள். அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்" என்றாள் சாம்பி.

அதன்பிறகு அந்தப் பருவம் முழுக்க அலகன் ஊட்டவந்த பழத்துக்கு அவள் வாய் திறக்கவில்லை.

அடுத்தவர் தம் பிள்ளைகளைக் காப்பாற்றக் கேட்கும் சிறிது அவகாசத்தைக்கூடக் கொடுக்காதவர், தம் வீட்டையும் பிள்ளைகளையும் தாமே இழப்பார்.