மூக்கம்மாளின் அழுகைக்கு மூன்று காவலர்

இந்தக் கதையில் ஒரு கேடயம் இருக்கிறது. அதற்குக் கை நீட்டிய மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரையும் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

கரிசல் பக்கத்து ஊர் ஒன்றில் மூக்கம்மாள் என்பவர் ஒப்பாரி பாடுவார். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் சாவு அவர் வீட்டிலேயே விழுந்தது. மகள் பூரணம் தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். அன்று மூக்கம்மாள் அழுத அழுகையை, ஆராய்ச்சிக்காக ஊருக்கு வந்திருந்த நல்லபெருமாள் பந்தலில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு மூக்கம்மாள் எந்தச் சாவு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. ஆகவே அவர் குரலுக்கு உலகத்தில் அந்த ஒரு கேசட்தான். அரிய பதிவு என்றார்கள்.

பெருமைக்காக நல்லபெருமாள் இரண்டு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்த ஜெயசீலன், மற்றவர் மைக் செட் சப்பாணிமுத்து.

பிணத்தைத் தூக்கும்போது மூக்கம்மாளுக்குத் தொண்டை அடைத்து, அழுகை நின்றுபோன இடம் ஒன்று அந்தக் கேசட்டில் உண்டு. அந்த மௌனத்தை இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நல்லபெருமாள் அதைக் கலை நுணுக்கம் என்று எழுதிப் பேராசிரியர் ஆனார். ஜெயசீலன் அதை வெட்டியெறிந்து, மிச்சத்துக்குக் கீபோர்டு சேர்த்து, தன் இசை என்று இணையத்தில் போட்டார். சப்பாணிமுத்து சாவு வீடுகளில் அந்தக் கேசட்டைப் போட்டார். மௌனம் வருகிற இடத்தில், பந்தலுக்கும் ஃப்ரீசர் பெட்டிக்கும் தன்னை அணுகச் சொல்லித் தன் குரலிலேயே விளம்பரம் சேர்த்திருந்தார்.

கிராமியப் பதிவுகளைக் காத்தவருக்குக் கேடயம் என்று பண்பாட்டுச் சங்கம் ஒன்று அறிவித்ததும் மூவரும் வந்து நின்றார்கள். மூலம் என்னிடம்தான் என்றார் பேராசிரியர். உலகம் கேட்டது என்னால் என்றார் ஜெயசீலன். நான் இல்லாவிட்டால் சனங்களே மறந்திருப்பார்கள் என்றார் சப்பாணிமுத்து. முடிவெடுக்கப் பயந்த சங்கத்தார் மூக்கம்மாளையே மேடைக்குக் கூட்டிவந்து, கேடயத்தை அவர் கையில் திணித்து, நீங்களே ஒருவருக்குக் கொடுங்கள் என்றார்கள். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பது மூவரில் இருவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூக்கம்மாள் மெதுவாகத்தான் பேசினார்.

"நான் பாட்டுப் படிக்கலய்யா. எம் மவளுக்கு அழுதேன். ஊரான் வீட்டு வாசல்லயெல்லாம் எம் மவ பேரு கேக்குது, எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. இனி ஒருத்தர் காதுலயும் அது விழக்கூடாது. அதுக்கு வழி பண்ணுனவுக இத வாங்கிக்கிடுங்க."

சங்கத் தலைவர் முகம் செத்துவிட்டது. காத்ததற்கான கேடயம் அழிப்பவருக்கா?

மூவருக்கும் திடீரென்று தாராளம் வந்தது. ஜெயசீலன் தன் பிரதியை அங்கேயே உடைப்பதாகச் சொன்னார். ஆனால் கீபோர்டு சேர்த்தது தன் படைப்பாம், அது இணையத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமாம். சப்பாணிமுத்து தன் கேசட்டை அவர் காலடியில் வைத்தார். செல்போனில் ஊர் ஊராக அனுப்பியதைப் பற்றி மூச்சு விடவில்லை. நல்லபெருமாள் மூலக் கேசட்டையே நீட்டினார். ஒருவரையும் தொடவிடாமல் பீரோவில் பூட்டி வைத்திருந்த கேசட் அது. கேசட் பெட்டியைத் திறந்ததும் முடைநாற்றம் அடித்தது. நாடா முழுவதும் வெள்ளைப் பூஞ்சை. அது ஓடாமல் போய் வெகுகாலம் ஆகிறது என்று அவருக்கும் தெரியும்.

மூக்கம்மாள் சொன்னபடி பார்த்தால், கேடயம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பூஞ்சைக்கு. தன் கைக்குச் சிக்கிய நாடாவிலாவது அந்த அழுகையை எவர் காதுக்கும் போகாமல் நிறுத்தியது அது ஒன்றுதான். மேடையும் கேட்கவில்லை, மாலையும் கேட்கவில்லை. மூக்கம்மாளுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, அந்த நாறுகிற கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார். அவர் வாசலைத் தாண்டும்போது, கீபோர்டு சேர்த்த அந்த அழுகையை ஒலிபெருக்கியில் போட்டு விழாவை இனிதே முடித்தார்கள். த்தூ.