தெற்குக் காற்றுக்குத் திறக்காத கொடி

காற்றும் கொடியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாட்களில், உறைபனி விழும் மலை ஒன்றில் ஒச்சம்மாவும் அவள் கணவன் சின்னாண்டியும் வாழ்ந்தார்கள். குடிசையை ஒட்டி ஒரு திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. மலையில் வேறு திராட்சை கிடையாது.

அன்றைய திராட்சைக்குத் தூங்கத் தெரியாது. இதமாக இருக்கும்வரை துளிர்த்துக்கொண்டே இருக்கும். பனிக்காலத்தில் மனிதர்கள்தான் அதைப் புல்லால் போர்த்திக் காக்க வேண்டும். மலைக்குக் கதகதப்பைக் கொண்டுவரும் தெற்குக் காற்று ஐப்பசியில் தன் ஊருக்குத் திரும்பிப் போகும். வாசலில் தினைமாவு வைத்து அதை வழியனுப்பிய பிறகு கொடிக்குப் போர்வை ஏறும்.

காற்றும் கொடியும் சிநேகிதம். கோடை முழுக்க ஒன்றையொன்று சீண்டிக்கொண்டிருக்கும்.

ஓர் ஆண்டு, வழியனுப்பிய காற்று கார்த்திகையில் திரும்பி வந்தது.

"எதை மறந்து வச்சுட்டுப் போன?" என்றான் சின்னாண்டி.

"ஒண்ணுமில்ல மாமா. கொடியைப் பார்க்கணும்போல இருந்துச்சு. நாலு நாள் இருந்துட்டுப் போறேன்."

"தினைமாவு இழுத்துட்டு வந்திருக்கு. அதைச் சொல்லு."

ஒச்சம்மா புல்லை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"ஏ புள்ள, பனி விழுற நேரம்."

"தேடி வந்த விருந்தாளி முகத்துல கதவைச் சாத்தச் சொல்றியா?"

அந்த மலையில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. சின்னாண்டி அவிழ்ந்த புல்லை அள்ளிக் கட்டினான். கொடியோ, அடுத்த ஆண்டுக்கென்று வைத்திருந்த மொட்டுகளையெல்லாம் மகிழ்ச்சியில் திறந்துவிட்டது.

சொல்லிக்கொண்டு போக மனமில்லாமல் காற்று ஒருநாள் சொல்லாமலே போய்விட்டது. மறுநாள் காலை மலை வெள்ளையாக இருந்தது. துளிர்கள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. ஒச்சம்மா தண்டைச் சுரண்டிப் பார்த்தாள். எல்லாம் சுள்ளி. அடித்தண்டில் மட்டும் விரலளவு பச்சை, அதில் திறக்காத ஒரே மொட்டு.

"இதுவும் போச்சுன்னா மலையில திராட்சைங்கிற பேச்சே இல்ல" என்றபடி அதை மூடினாள்.

புல்லுக்குள்ளிருந்து கொடி பகலவனைக் கேட்டது: "பனி வர்றதை நீயாவது முன்கூட்டிச் சொல்லுவியா?"

"என் சூட்டை நம்பாதே. மேகம் வந்தா குறையும், உன் சிநேகிதக் காத்து வந்தா கூடும். ஆனா நான் இறங்கிப் போற நேரத்தை யார் கெஞ்சினாலும் மாத்த முடியாது. ஆடியிலிருந்து பாரு, கொஞ்சங்கொஞ்சமா முந்திப் போவேன்."

"காத்து பொய் சொல்லலியே. அதுக்கு என்மேல ஆசை."

"அதனாலதான் சொல்றேன்."

பனி விலகியது. அந்த ஒற்றை மொட்டு வெடித்துக் கொடி மறுபடி படர்ந்தது. பகல் குறுகக் குறுக, அது நுனி வளர்வதை நிறுத்தியது. பச்சைத் தண்டைப் பட்டையாக்கிக்கொண்டது. இனிப்பை வேருக்கு இறக்கியது. இலைகளை உதிர்த்து, மொட்டுகளைத் தானே இறுக மூடிக்கொண்டது. புல்லோடு வந்த ஒச்சம்மாவுக்கு வேலை இருக்கவில்லை.

கார்த்திகையில் காற்று வந்தது. "நான்தான்" என்றது.

கொடி பதில் சொல்லவில்லை.

"தூங்குது. பங்குனிக்கு வா" என்றாள் ஒச்சம்மா. காற்று வெறும் தண்டைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றது.

அந்த ஆண்டு தொடங்கித்தான், வெயில் எவ்வளவு இதமாக இருந்தாலும் பகல் சுருங்கும்போதே குளிர்நாட்டுத் திராட்சை உறக்கத்துக்குத் தயாராகிறது. பனிக்கு முன் என்றாவது ஒரு தெற்குக் காற்று தவறி வந்தால், இலையில்லாத கொடி லேசாக அசைகிறது, திறப்பதில்லை.