காத்தாயி கேட்ட போணி

காட்டுக்கும் சந்தைக்கும் நடுவுல ஒரு ஊரு, அந்த ஊர்ல பொம்முராசுன்னு ஒரு பாளையக்காரர் இருந்தாராம். அவர் ஊரைத் தாண்டி யார் வண்டி போனாலும் அவரோட சதுரங்கம் ஆடணும். ஜெயிச்சா கேட்டது கிடைக்கும், தோத்தா வண்டிமாட்டை அவுத்துக் கொடுத்துட்டு நடந்து போகணும்.

அந்தக் காலத்து ஆட்டத்துல ஒரு வழக்கம். ஒருத்தர் எட்டுத் தடவை ஒரே மூச்சுல காய் நகர்த்தணும், அப்புறம் அடுத்தவர் எட்டு, அதுக்கப்புறந்தான் சண்டை. பொம்முராசு சிரிச்சுக்கிட்டே, "விருந்தாளி முதல்ல"ம்பாரு. எண்ணெய்க்காரர் முதல்ல வச்சாரு, தோத்தாரு. பானைக்காரர் முதல்ல வச்சாரு, தோத்தாரு. புளி விக்கிற காத்தாயின்னு ஒருத்தி, அவ தம்பி முதல்ல வச்சான், அவனுந்தான் தோத்தான்.

அப்புறம் காத்தாயியே புளிவண்டியோட வந்தா. அந்த ஜோடி மாடும் போச்சுன்னா வீட்டுல அடுப்பெரியாது.

"விருந்தாளி முதல்ல, தாயி."

அவளுக்குச் சுருக்குன்னுச்சு. சந்தையில முதல்ல விலை சொல்லி ஏமாந்தவ இல்லையா அவ? நம்ம எட்டையும் பாத்துட்டுத் தன் எட்டை வைக்கிறான், இதுக்குப் பேரு மரியாதையான்னு மனசு கொதிச்சுது.

"பெரியவங்க இருக்கையில நானா, எசமான்?"

"நான்தானே சொல்றேன், வை."

"பொம்பளை முந்திக்கிட்டான்னு ஊரு ஏசும்."

"ஏசாது, வை."

"அப்ப ஒண்ணே ஒண்ணு. நான் யாவாரி. எங்க போணியை நாங்களே பண்ணிக்க மாட்டோம். கைராசிக்காரர் யாராச்சும் முதல்ல வாங்கித் தொடங்கி வைக்கணும். உங்க கை ராசியில்லாத கைன்னா சொல்லிடுங்க, நானே வச்சுக்கறேன்."

சபையில எல்லாரும் அவரு கையையே பாத்தாங்க. ஊர் முன்னால தன் கை ராசியில்லைன்னு ஒரு பாளையக்காரர் சொல்லுவாரா? வச்சாரு. ஆனா, பிறந்ததிலிருந்து முதல்ல வச்சதில்லையே, எதிராளி என்ன வைப்பான்னு தெரியாம கை தடுமாறுது, எட்டும் முடிஞ்சப்போ ராஜாவுக்கு ஒரு பக்கம் காவலே இல்லை. காத்தாயி பாத்தா, பாத்தா, பாத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் தன் எட்டை வச்சா.

சண்டை தொடங்குச்சு, அவரு அவளோட யானையை வெட்டினாரு. ஒரு குதிரையை வெட்டினாரு. மந்திரியையும் வெட்டிட்டு, "மாட்டை அவுக்கச் சொல்லவா, தாயி?"ன்னாரு.

"மூக்கணாங்கயிறு இன்னும் என் கையிலதான் இருக்கு, எசமான்"னா. மிச்சமிருந்த குதிரையை எடுத்து அந்தக் காவலில்லாத பக்கமா வச்சா. "உங்க ராஜாவுக்கு இனிப் போக இடமில்லை."

இடப்பக்கம் பாத்தாரு, வலப்பக்கம் பாத்தாரு, பின்னால பாத்தாரு. இல்லை.

"என்ன வேணும், கேளு."

"நீங்க ஜெயிச்சு உங்க பட்டியில அடைச்சிருக்கிற மாடெல்லாம் வேணும். ஒவ்வொண்ணையும் அதது வீட்டு வாசல்ல நீங்களே கட்டணும். வண்டியில இல்லை, நடந்து."

முன்னால போன்னு யாராச்சும் வழிவிட்டா, ஏன் விடறாங்கன்னு பாத்துட்டுப் போங்க, கண்ணுங்களா. மாடெல்லாம் வீடு சேர்ந்துடுச்சு, பாளையக்காரர் காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருக்காரு. ம், படுங்க.