கொடி உள்ள இடம்

ரொம்ப காலத்துக்கு முன்னே, கடலோரச் சீமை ஒன்றை ஒரு ராஜா ஆண்டுவந்தார். கிரீடம் கிடையாது, தொப்பிதான். கப்பலில் வந்த கவர்னர் துரை அவர். ஆனால் சபை, சேவகர்கள், முகத்துதி, முன்கோபம் என்று ராஜாவுக்கு வேண்டிய எதிலும் குறைவில்லை. காலையில் பிடித்த ஆளை மாலையில் பிடிக்காது.

அவர் சபையில் இரண்டு துரைகள் எலியும் பூனையுமாக இருந்தார்கள். ஊர் நிர்வாகம் கலெக்டர் கையில், பட்டாளம் கர்னல் கையில். கோட்டைக்கு மேற்கே கிடந்த திடல் யாருக்கு என்பதுதான் சண்டை. கலெக்டர் அதைப் பயிரிடச் சொல்லிப் பொன்னுருவி என்பவளுக்குக் கொடுத்திருந்தார். புருஷனைப் பறிகொடுத்தவள். அந்தப் பூசணித் தோட்டம் போனால் அவளுக்கும் மூன்று பெண்களுக்கும் அடுப்பு எரியாது. அந்த நாளில் கோட்டை மதிலில் ஏறிப் பார்த்தால் திடல் முழுக்க மஞ்சள் பூவாகத் தெரியுமாம். கர்னலுக்கோ அங்கே பீரங்கி பழக வேண்டும்.

கவர்னர் சிரித்த முகமாக இருந்த ஒரு நாள் பார்த்து, கர்னல் சபையில் எழுந்தார். "திடலின் நடுவில் என் சிவப்புக் கொடியை நட்டுவிட்டேன், பிரபுவே. கொடி உள்ள இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போடுங்கள்."

"பட்டாளத்தைத் தவிர என்று எழுதட்டுமா?" என்று கேட்டார் துபாஷி அருணகிரி. துரைமார் பேச்சைத் தமிழாக்குவது அவர் வேலை.

"என் பட்டாளத்தை எவன் தடுப்பான்? யாரும் என்றே எழுது. கலெக்டருக்கும் உறைக்கட்டும்!" என்று மீசையை முறுக்கினார் கர்னல்.

கவர்னர் முத்திரை வைத்தார். கலெக்டர் முகம் சுண்டிப்போனது, வாய் திறக்கவில்லை. அன்றே தண்டோரா. அந்தக் காலத்துத் தண்டோராவுக்கு ஒரு மரியாதை இருந்தது, ஊரே கைவேலையை விட்டுவிட்டுக் கேட்கும்.

மறுநாள் காலை சிப்பாய்கள் பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வரப்பில் பொன்னுருவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நில்லுங்கண்ணே! தண்டோரா காதுல விழலையா? கொடி இருக்கற எடத்துல யாரும் கால் வைக்கக் கூடாதாம். குனிஞ்சு பாருங்க."

பார்த்தார்கள். எங்கும் பூசணிக்கொடி. சிப்பாய்கள் நம் ஊர்க்காரர்கள்தானே, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முத்திரை போட்ட உத்தரவை மீறவும் பயம். பீரங்கி வந்த வழியே திரும்பியது.

கர்னல் தையதக்கா என்று குதித்து, பொன்னுருவியைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"உத்தரவில் உள்ள கொடி எது?" என்று கவர்னர் துபாஷியைக் கேட்டார்.

"தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், பிரபுவே. ஒன்று காற்றில் ஆடும். இன்னொன்று காய் கொடுக்கும்."

"அப்படியானால் இவளும் அங்கே கால் வைக்கக் கூடாது!" என்று மடக்கினார் கர்னல்.

பொன்னுருவி ஓரடி முன்னே வந்தாள். "நாங்க கொடியைக் கையால ஒதுக்கிட்டுத்தான் கால் வைப்போம், தொரை. மிதிச்சா பிஞ்சு வெம்பிப் போயிடும். ஒதுக்குன எடத்துல ஏது கொடி?"

"என் சிப்பாய்களும் ஒதுக்கிவிட்டு நடப்பார்கள்!"

"ஐந்நூறு பேர் குனிந்து குனிந்து ஒதுக்கி, அப்புறம் பீரங்கியா?" கவர்னருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. "அதற்குள் எதிரி ஊரைப் பிடித்து, பூசணிக்காயைக் கூட்டு வைத்தே தின்றிருப்பானே!"

கலெக்டரும் சேர்ந்து சிரித்தார். கவர்னர் அவர் பக்கம் திரும்பினார். "நீர் சிரிக்காதீர். நிலம் கொடுத்தவர் நீர். நேற்று இவளுக்காக ஒரு வார்த்தை பேசினீரா?"

பிறகு தீர்ப்பு. "திடல் இந்த அம்மாளுக்கு. பீரங்கி கடற்கரைக்குப் போகட்டும். கர்னல், உம்முடைய கொடியை நீரே போய் எடுத்து வாரும். கையால் ஒதுக்கிக்கொண்டு!"

கர்னல் குனிந்து குனிந்து நடந்ததை ஊரே பார்த்தது. "பாத்து தொரை, எடது பக்கம் பிஞ்சு இருக்கு!" என்றாள் பொன்னுருவி.

துரைமார் கப்பலேறிப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போது அந்தத் திடலைச் சுற்றி இரண்டு இலாகாக்கள் இரண்டு வேலி போட்டிருக்கின்றன, உள்ளே நெருஞ்சி மண்டிக் கிடக்கிறது. யாரைக் கேட்டாலும் மேலிடத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அன்று கேட்டவளுக்கு அன்றைக்கே பதில் கிடைத்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.