தைலப் புட்டியின் தக்கை

பாளையங்கோட்டையில் ரெஜினாவின் மெக்கானிக் ஷெட்டில் ஒரு சீடர் இருந்தார். ஆசிரியைக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

இசக்கிமுத்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். காலமெல்லாம் விசில் ஊதி வண்டியைக் கிளப்பியவர், அது எப்படி ஓடுகிறது என்று தெரியாமலே போய்ச் சேரக்கூடாது என்று தொழில் கற்க வந்தார். முதல் நாள் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு வந்து நின்றார். ரெஜினா சிரித்தேவிட்டாள். பழத்தை உரித்துப் பாதியை அவரிடமே கொடுத்து, கையில் வேஸ்ட் துணியைத் திணித்தாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் வாத்தியாரம்மா. அவளுக்கு அவர் அண்ணாச்சி.

அவரிடம் ஒரு கிழட்டுக் கார் இருந்தது. மனைவி பேச்சியம்மாள் ஆசைப்பட்டு வாங்க வைத்தது. அவள் போன மாதம் இறந்துபோனாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகள் பகவதி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பிப் போகிறாள். அம்மாவின் காரிலேயே மகளைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை கொண்டுபோய் விடவேண்டும் என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். அதற்காகவே இஞ்சினைப் பிரித்து பிஸ்டன் ரிங், எண்ணெய் கசியாமல் தடுக்கிற பேக்கிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சீல் ஒழுகுது வாத்தியாரம்மா. பேக்கிங்லயும் கசியுது. எல்லாம் புதுசு. புதுசு ஒழுகலாமா?"

ரெஜினா பானெட்டைத் திறந்தாள். இஞ்சினின் மேல்மூடியில் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் ஒரு தக்கை செருகியிருந்தது.

"இதுல ஒரு ரப்பர் ஹோஸ் இருந்துச்சே அண்ணாச்சி?"

"இத்துப் போயிருந்துச்சு, தூரப் போட்டுட்டேன். அது வழியா எண்ணெய்ப் புகையா வந்துச்சு. அதான் வீட்டுல வச்சு அடைச்சேன்."

"தக்கை ஏது?"

"அவ தைலப் புட்டியோடது."

ரெஜினா தக்கையை அப்படியே விட்டாள். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற இடத்து மூடியைக் கழற்றினாள்.

"உள்ளங்கைய இதுமேல வைங்க."

வைத்தார்.

"என்ன செய்யுது?"

"தள்ளுது."

"நல்லா அமுக்குங்க."

"இன்னும் ஜாஸ்தியாத் தள்ளுது."

"எம்புட்டு நேரம் அமுக்குவீய?"

அவர் பதில் சொல்வதற்குள் தக்கையைப் பிடுங்கினாள். உள்ளங்கைக்குக் கீழே இருந்த முட்டல் அடங்கிப்போனது. குனிந்து பார்த்தார். கீழே ஒழுகுவதும் குறைந்திருந்தது.

"புது ரிங் போட்டாச்சே வாத்தியாரம்மா. அதையும் மீறி எரியுத காத்து எப்படிக் கீழ எறங்குது?"

"ஓடுத இஞ்சின்ல கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். நிறுத்தி வச்சதுலதான் எறங்காது."

"அப்ப சீல் மேல தப்பு இல்லையா?"

"போக வழி கெடைக்கலன்னா, எங்க பலமில்லையோ அங்க முட்டிக்கிட்டு வரும். சீல் என்ன செய்யும், பாவம்."

இசக்கிமுத்து கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, சம்பந்தமில்லாதது போலச் சொன்னார்.

"நேத்து பகவதி ரசத்துல உப்பு கூடிப்போச்சுன்னு கிண்ணத்தத் தூக்கி எறிஞ்சுட்டா. உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"அழுதாளா?"

"இல்ல. வந்த அன்னைக்கே சொல்லிட்டேன், நீ அழுதா அப்பாவால தாங்க முடியாதுன்னு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு விடல. நல்ல பிள்ள."

ரெஜினா தக்கையைத் துணியால் துடைத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"இதப் பத்திரமா வச்சுக்கிடுங்க. இஞ்சினுக்கு வேண்டாம்."

சனிக்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை கண்ணில் தூக்கமே இல்லை.

"சீல் ஒழுகல. ஆனா தெறந்து விட்ட வாயில இருந்து வந்த புகை பானெட் பூராவும் எண்ணெயா அப்பிக் கெடக்கு. உள்ள உக்கார முடியல, வாடை."

"வீட்டுல?"

"அழணும்னா அழு தாயின்னு சொல்லிட்டேன். அழுதா வாத்தியாரம்மா. அப்படி ஒரு அழுகைய நான் பாத்ததில்ல."

"நீங்க எங்க இருந்தீய?"

"நமக்கு அங்க என்ன வேலைன்னு கதவச் சாத்திட்டு கோயில் வரைக்கும் நடந்துட்டு வந்தேன். வந்து பாத்தா எங்கிட்ட பேச மாட்டேங்கா."

ரெஜினா புது ஹோஸ் ஒன்றை அளந்து வெட்டினாள். ஒரு முனையை அந்தக் குழாயின் வாயில் மாட்டினாள். மறு முனையை வளைத்துக் கொண்டுபோய் ஏர் ஃபில்டர் டப்பாவில் செருகினாள்.

"இது எதுக்கு?"

"இஞ்சின் மூச்சு இழுக்கும்லா? அந்த மூச்சோட இந்தப் புகையையும் இழுத்து எரிச்சிக்கிடும்."

இசக்கிமுத்து பதறிப்போனார்.

"அழுக்கு வாத்தியாரம்மா! அதத் திரும்பவும் அது உள்ளயேவா விடுதது?"

"அதோடதுதானே அண்ணாச்சி. வேற யாரு இழுப்பா?"

அவர் ஸ்குரூடிரைவரை வாங்கி ஹோஸின் கிளிப்பைத் தானே முறுக்கினார். முறுக்கி முடித்ததும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தெருவில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். காரை எடுக்கவே மறந்துபோனார். சாயங்காலம்தான் வந்து ஓட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கார் ஷெட் வாசலில் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் இசக்கிமுத்து. பக்கத்தில் பகவதி, மடியில் கைப்பை. இரண்டு பேருக்கும் முகம் வீங்கியிருந்தது. பார்க்க அச்சு அசலாக ஒரே முகம். ரெஜினா ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"என்ன அண்ணாச்சி, ஒழுகுதா?"

அவர் வாயைத் திறந்தார். கண்ணிலிருந்து கொட்டியது.

பகவதி தன் முந்தானையால் அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது அவளுக்கும் வந்துவிட்டது. அப்படியே சிரித்தாள்.

"காரு ஒழுகலக்கா."

ரெஜினா பானெட் மேல் காதை வைத்துக் கேட்டாள்.

"அப்ப ரெண்டும் நல்லாத்தான் ஓடுது. போயிட்டு வாங்க."