பாதிக் குடம்

அந்த மலையில் தண்ணீர் பங்கிடும் வேலை மாசிலாமணியிடம் இருந்தது. குரு செங்கமலத்தம்மாளைவிட அவருக்குப் பத்து வயது கூடுதல். சீடராகத்தான் வந்தார். ஆனால் அதிகாரம் செய்ய மட்டும் யாரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

மலைக்கு ஒரே சுனை. முதலில் நாலைந்து குடிசைகள்தான். பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களுக்குக் கல்யாணமாயிற்று, உறவுக்காரர்களும் வந்தார்கள். இப்போது சரிவு முழுக்கக் கூரைகள். சித்திரை வெயிலில் சுனை சுண்டிப்போனது.

காட்டு விலங்குகள் குடிக்கும் கல்தொட்டிக்கு ஒரு சிறு வாய்க்கால் போகும். மாசிலாமணி அதை மண்வைத்து அடைத்துவிட்டார். மனிதர்களுக்கே போதவில்லையே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

அன்று காலை கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறி வந்தாள். கீழே கிணறுகள் வற்றிவிட்டன, இங்கே தங்க இடம் வேண்டும் என்றாள். அவளை வேலியோரம் நிறுத்திவிட்டு மாசிலாமணி குருவிடம் போனார். அவருக்குக் கோபம். கோபத்துக்கு அடியில் பயம்.

“இன்னும் எத்தனை பேருக்கும்மா ஊத்தறது? இந்தக் கூட்டம் எப்பத்தான் ஆரம்பிச்சுது?”

அம்மாள் எழுந்தார். தன் பங்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கல்தொட்டிக்கு நடந்தார். வெறுமையாய்க் கிடந்த தொட்டியில் பாதியை ஊற்றினார். மீதியை வேலியோரம் நின்றவளிடம் கொடுத்தார். அவள் முதலில் குழந்தையின் உதட்டை நனைத்தாள்.

“உங்களுக்கு?” என்றார் மாசிலாமணி.

அம்மாள் அங்கேயே உட்கார்ந்து பழைய கதை ஒன்றைச் சொன்னார். இதேபோல ஒரு சித்திரையில் தன்னந்தனியாக இந்த மலைக்கு வந்தாராம். நாக்கு வறண்டு, வழி தெரியாமல், கேளையாடு என்னும் சிறு காட்டு மான் ஒன்றின் குளம்படித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சுனை. அந்த மான் குடித்துக்கொண்டிருந்தது. இவரைக் கண்டதும் விலகிப் புதரோரம் நின்றது. இவர் வயிறு நிறையக் குடித்து எழுந்த பிறகே திரும்பி வந்து மிச்சத்தைக் குடித்தது. குடிசை போடும் முன்பே அந்தத் தொட்டியைத்தான் வைத்தாராம்.

“அதுக்கும் தாகம்தான் ஐயா. ஆனாலும் ஒதுங்கி நின்னுச்சு. அந்த நன்றி எனக்கு இன்னும் தீரலை.”

சொல்லும்போதே அவர் கண் நிறைந்தது.

“எல்லாருக்கும் பங்கு குறையுமேம்மா” என்றார் மாசிலாமணி. இப்போது குரலில் கோபம் இல்லை.

“குறையும்” என்றார் அம்மாள். “கூட்டம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டீங்களே. நான் வந்த அன்னைக்குத்தான்.”

மாசிலாமணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்.